வண்டி யாருடையது? விண்வெளிக் கூலிப்படைக்கு இரண்டு முன்மாதிரிகள்

மேசை மேல் சிறு பொம்மை வீரர்களை வைத்து ஆடும் மினியேச்சர் போர் விளையாட்டுக்கு விண்வெளிக் கூலிப்படை செய்யலாம் என்றதும் பலர் கறுப்பு பெயின்ட், மண்டை ஓடு, ஆளுக்கொரு பெரிய துப்பாக்கி என்று இறங்கிவிடுகிறார்கள். மேசையில் வைத்துப் பார்த்தால் அது கொள்ளைக் கும்பலாகத்தான் தெரிகிறது. வண்டியும் ஆயுதமும் யார் சொத்து, சம்பளம் யார் கையிலிருந்து வருகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நிறம், எண்ணிக்கை, விதி எல்லாம் அதன் பின்னால் வரும். வேலூர்க்காரர்கள் இதற்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டாம்.

முதல் முன்மாதிரி முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படை. 1751இல் கிளைவின் ஆங்கிலப் படை இருந்த ஆற்காட்டுக் கோட்டை 50 நாள் முற்றுகையில் கிடந்தபோது, ஆங்கிலேயர் ஆதரித்த நவாப் முகமது அலிக்காக அமர்த்தப்பட்டிருந்த இவருடைய 6000 குதிரைகள் மேற்கே மலையடிவாரத்தில் நின்று வேடிக்கை பார்த்தன. கோட்டை தாக்குப்பிடிக்கும் என்று தெரிந்த பிறகே நகர்ந்தன. இரண்டு வருடத்துக்குள் அதே படை பிரெஞ்சுப் பக்கம் போனது. மராட்டியப் படைகளில் சொந்தக் குதிரையோடு வருபவர் சிலேதார். அரசின் குதிரையில் ஏறுபவர் பர்கீர். குதிரை செத்தால் சிலேதாரின் பிழைப்பே போய்விடும், அதனால் வீணாகச் சாகவிட மாட்டார்.

இதை எதிர்காலத்துக்குக் கொண்டுபோனால் 28 மி.மீ. அளவில் (ஒரு வீரனின் உயரம் ஏறக்குறைய அவ்வளவு) 24 வீரர்கள், 6 இலகு வண்டிகள். ஒரு வண்டி போல இன்னொன்று இருக்கக் கூடாது. ஒரு வண்டியின் கதவு வேறொன்றிலிருந்து கழற்றியதாக, நிறம் மாறி இருக்கட்டும். எஞ்சின் மூடி மட்டும் துடைத்து வைத்ததுபோல் இருக்க வேண்டும், சொந்தக்காரன் பார்த்துக்கொள்கிற இடம் அதுதான். விதியும் எளிது: இரண்டு வண்டி அழிந்ததும் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒரு பகடை, 1, 2, 3 விழுந்தால் மிச்சப் படை மேசையை விட்டுக் கிளம்பும்.

இதில் வழக்கமாகக் கெடுவது ஒற்றுமை. 24 பேரும் 24 நிறத்தில் நின்றால் படை என்றே கண்ணுக்குப் படாது. எல்லாருக்கும் இடது கையில் ஒரே நிறப் பட்டை கட்டுங்கள். முழங்கால் வரை ஒரே புழுதி நிறத்தை ட்ரை பிரஷ் செய்யுங்கள், அதாவது பெயின்டைத் துடைத்தெடுத்த தூரிகையால் மேலாகத் தேயுங்கள். பேஸுக்கு, அதாவது வீரன் நிற்கும் அடித்தட்டுக்கு, பாலாற்று மணலைக் கழுவிச் சலித்துப் போட்டால் போதும். கழுவாத மணலில் களிமண் தூள் இருக்கும். ஃபெவிகால் மணலைப் பிடிக்காமல் தூளைப் பிடித்து, பிறகு உதிரும்.

மூட்டை முடிச்சுக்கு ஆம்பூர் செருப்புத் தொழிலில் கழியும் லைனிங் தோல் துண்டு அருமையான பொருள், ஆனால் கணக்குப் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். இந்த அளவில் 1 மி.மீ. தோல் என்பது நிஜத்தில் ஏறக்குறைய 6 செ.மீ. தடிமன். சதைப் பக்கத்தை பிளேடால் சுரண்டி அரை மி.மீ. ஆக்கினாலும் சுருட்டிய படுக்கைக்கும் பைக்கும்தான் ஆகும். கோட்டுக்கோ தார்ப்பாய்க்கோ ஆகாது. தார்ப்பாய்க்கு டிஷ்யூ பேப்பரில் தண்ணீர் கலந்த ஃபெவிகால் தடவி மடிப்பு வைப்பதே சரி. தோலை ஒட்டிக் காய்ந்த பிறகு பெயின்ட் அடியுங்கள். அடித்துவிட்டு வளைத்தால் வெடிக்கும்.

இரண்டாவது முன்மாதிரி டி மியூரான் படைப்பிரிவு. 1781இல் டச்சுக் கம்பெனிக்காகத் திரட்டப்பட்ட சுவிஸ் படை இது. 1795இல் ஆங்கிலேயர் பக்கம் மாறி, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரிட்டது. இங்கே படை அப்படியே இருக்க, முதலாளி மாறுகிறார். ஆகவே உடுப்பு ஒன்று, அணி ஒழுங்கு ஒன்று: பத்துப் பேர் கொண்ட மூன்று குழுக்கள், முதலாளி கொடுத்த கனரக ஆயுதம் ஒன்று. இந்த ஆயுதத்துக்கு மட்டும் முதலாளியின் நிறம். விதியில் ஐந்து சம்பள வில்லைகள் வையுங்கள், சுற்றுக்கு ஒன்று எடுங்கள். வில்லை தீரும் வரை ஓட மாட்டார்கள். தீர்ந்ததும் ஒவ்வொரு குழுவுக்கும் பகடை.

இதன் ஆபத்து, சாதாரண அரசாங்கப் படையாகத் தெரிந்துவிடுவது. மருந்து தோள்பட்டைச் சின்னத்தில் இருக்கிறது. கவச நிறத்தைவிட ஒரு படி அடர்ந்த சதுரம் தீட்டுங்கள், பழைய சின்னம் வெயிலை மறைத்ததால் வெளிறாத இடம் அது. அதன் மேல் புதுச் சின்னத்தைச் சற்றே சிறிதாக, பழையதன் ஓரம் தெரியும்படி வையுங்கள். தலையணியை மட்டும் முதலாளி விருப்பத்துக்கு மாற்றாதீர்கள். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்ததற்குப் புதிய தலைப்பாகை உத்தரவு ஒரு முக்கியக் காரணம். சம்பளத்துக்கு நிற்பவனும் தலையில் வைப்பதை விட்டுக்கொடுக்க மாட்டான்.

பாளையக்காரர் காவல் போன்ற உள்ளூர்ப் படை மூன்றாவது வழிதான், ஆனால் ஊரை விட்டு வராத படை ஒரே கதைக்களத்துக்குத்தான் உதவும்.

எதை எடுப்பது? 28 மி.மீ. சிறு மோதலுக்கு சிலேதார் படைதான் என் தேர்வு, ஒவ்வொரு வண்டியும் பார்க்கப் பார்க்கப் பேசும். 15 மி.மீ.க்கு இறங்கினால் அந்த ஒட்டுவேலை எல்லாம் மறைந்து சேறாகத் தெரியும். அங்கே டி மியூரான் வழி.

எதைச் செய்தாலும், கோடையில் பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான ஸ்ப்ரே பிரைமரைக் காலை ஏழு மணிக்குள், 20 செ.மீ. தள்ளி நின்று அடித்துவிடுங்கள். வேலூர் மே மாத மதியத்தில் பிரைமர்த் துளிகள் காற்றிலேயே காய்ந்து மேற்பரப்பு உப்புத்தாள் போல் ஆகிவிடும். ஐப்பசி மழையில், கடைசியாகப் பூசும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் வெளுக்கும், அப்போது ஸ்ப்ரேயை விட்டுத் தூரிகையால் பூசுங்கள்.