பொது மருத்துவம் எம்.டி.: தஞ்சாவூரா, சென்னையா, டிஎன்பியா?

எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கான மேற்படிப்பு (பிஜி) கவுன்சிலிங் தொடங்கிவிட்டால் கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் டாக்டர் பிள்ளை இருக்கிற வீடுகளில் இதே பேச்சுதான். பொது மருத்துவம் கிடைக்கிற ரேங்க் வந்திருக்கிறது. தஞ்சாவூர் மெடிக்கலிலேயே சேர்வதா, சென்னைக்குப் போவதா, இல்லை தனியார் ஆஸ்பத்திரியில் டிஎன்பி (தேசியத் தேர்வு வாரியம் கொடுக்கிற பட்டம்) படிப்பதா? "மெட்ராஸ்ல படிச்சாத்தான் பேரு" என்று பெரியப்பா சொல்லிவிடுவார். பேர் கிடக்கட்டும். முதல் வருஷத்தில் எந்த இடத்தில் என்ன கைக்கு வரும் என்று பார்ப்போம்.

சென்னையில் எம்எம்சி (மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்), ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் என்று அரசுக் கல்லூரிகள். 1835-இல் தொடங்கிய எம்எம்சியின் பெரியாஸ்பத்திரிக்குத் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் ரெஃபரல் வருகிறது. பாடப்புத்தகத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் நோய் அங்கே வார்டில் படுத்திருக்கும். சிறுநீரகம், நரம்பியல், மூட்டுவாதம் எல்லாவற்றுக்கும் தனித்துறை உண்டு. சந்தேகம் கேட்க ஆள் பக்கத்திலேயே இருக்கிறார். சுவாரசியமான கேஸும் அதே வேகத்தில் அந்தத் துறைக்குப் போய்விடும். முதல் வருஷ பிஜிக்கு மிஞ்சுவது பெரும்பாலும் கேஸ் ஷீட், ரத்த மாதிரி, ஸ்கேனுக்குத் தேதி வாங்க நடக்கிற நடை. ஆனால் கேஸ் பிரசன்டேஷனில் சீஃப் (யூனிட் தலைவர்) கேட்கிற கேள்விகள் கூர்மையானவை. பின்னால் டி.எம். (எம்.டி.க்கு மேல் ஒரு தனித்துறையில் படிக்கிற பட்டம்) படிக்கிற எண்ணம் இருந்தால் அந்தச் சூழலுக்கே ஒரு விலை உண்டு.

தஞ்சாவூர் வேறு மாதிரி. திருவாரூரில் 2010-லும் நாகப்பட்டினத்தில் 2022-லும் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனாலும் டெல்டாவில் நிலைமை மோசமானவர்கள் இன்னும் தஞ்சாவூருக்குத்தான் ஏற்றி அனுப்பப்படுகிறார்கள். வருகிறவை இந்த மண்ணின் நோய்கள். ராத்திரி தரையில் படுத்துத் தூங்கிய ஆள், விடிகாலையில் வயிற்றுவலி என்று வருவார். கடித்த தடம் எங்கும் இருக்காது. இமை மெல்லச் சரிந்துகொண்டிருக்கும். கட்டுவிரியன் என்று அந்த நிமிஷமே தோன்ற வேண்டும். நாலு பேரைப் பார்த்தவருக்குத்தான் தோன்றும். கண்ணாடி விரியன் என்றால் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிஷம் வைத்து, உறைகிறதா என்று பார்க்க வேண்டும். லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிற வேலையே இல்லை. பூச்சிமருந்து குடித்தவருக்கு நெஞ்சில் நீர்ச்சத்தம் அடங்கும்வரை அட்ரோபின் என்ற மாற்றுமருந்தை ஏற்றிக்கொண்டே போவதும், காரணம் தெரியாத காய்ச்சலில் அக்குள், இடுப்பு மடிப்பெல்லாம் தேடி ஸ்க்ரப் டைஃபஸின் (சிற்றுண்ணி கடித்து வருகிற காய்ச்சல்) கறுப்புப் பொருக்கைக் கண்டுபிடிப்பதும் ராத்திரி டியூட்டி பிஜியின் கைவேலை. சூப்பர் ஸ்பெஷாலிட்டி கட்டடம் இங்கேயும் வந்துவிட்டது. ஆனால் அபூர்வ நோய்களிலும் ஆய்வுக் கட்டுரை எழுதுகிற பழக்கத்திலும் சென்னைதான் முந்தி நிற்கிறது.

இன்னொன்றும் சென்னைக்குச் சாதகம். இப்போதைய விதிப்படி எல்லா பிஜிக்களும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்த்தாக வேண்டும். ஆக, சென்னை பிஜிக்கு வெளியூர் ஆஸ்பத்திரியின் ருசி கொஞ்சமாவது கிடைத்துவிடும். தஞ்சாவூர் பிஜி பெரிய மையம் ஒன்றில் மூன்று மாதம் இருந்தாக வேண்டும் என்று அப்படி ஒரு கட்டாயம் இல்லை. இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

சென்னை கார்ப்பரேட் ஆஸ்பத்திரியில் டிஎன்பி மூன்றாவது வழி. பட்டம் எம்.டி.க்குச் சமம்தான், அதில் தயங்க ஒன்றுமில்லை. தேர்வு நாடு முழுவதற்கும் பொது, திருத்துவதும் கறார். ஐசியு நன்றாகப் பழகும், வென்டிலேட்டர் பயம் போய்விடும். ஆனால் பேஷண்ட் கன்சல்டன்ட்டுடையவர். காசு கட்டிப் படுத்திருப்பவர் தன்மேல் பிஜி ஊசி போட்டுப் பழகச் சம்மதிப்பாரா? டிஸ்சார்ஜ் சம்மரியும் இன்ஷூரன்ஸ் கேள்விகளுக்குப் பதிலும் எழுதியே பாதி நாள் போகும்.

வேலை நேரத்தில் மூன்றும் ஒன்றுதான். வாரம் 48 மணி நேரம் என்று 1992-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. எம்.டி. படிக்கிறவர்களுக்கு 2023 விதிகளில் வார விடுமுறையும் வருஷத்துக்கு 20 நாள் கேஷுவல் லீவும் இருக்கின்றன. காகிதத்தில் இருப்பதை வார்டில் தேடக்கூடாது. யூனிட் (ஒரு சீஃபின் கீழ் உள்ள டாக்டர் குழு) எண்ணிக்கையைத்தான் பார்க்க வேண்டும். யூனிட் கூடுதலாக இருந்தால் புது பேஷண்ட்டுகளைச் சேர்க்கிற முறை (அட்மிஷன் டே) தள்ளித் தள்ளி வரும், வருகிற அன்று வெள்ளம்தான். சென்னை அப்படி.

என்னைக் கேட்டால், கடைசியில் டெல்டாவிலேயே உட்கார்ந்து வைத்தியம் பார்க்கப் போகிறவருக்கு முதல் சாய்ஸ் தஞ்சாவூர். டி.எம். கனவு இருந்தால் எம்எம்சியோ ஸ்டான்லியோ. தனியார் ஐசியுவிலேயே நிற்கப் போகிறவர் மட்டும் டிஎன்பியை மேலே வைக்கலாம். வீட்டு ஞாபகத்துக்காகச் சென்னையை விடவேண்டாம். உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் சென்னை.

சாய்ஸை லாக் பண்ணுவதற்கு முன்னால் அந்தந்த ஆஸ்பத்திரியின் இரண்டாம் வருஷ பிஜி ஒருவரைப் பிடித்து, ராத்திரி இரண்டு மணிக்கு பேஷண்ட் மோசமானால் யாருக்குப் போன் போடுவீர்கள், அவர் எடுப்பாரா என்று கேளுங்கள். சிரித்து மழுப்பினால் அந்தச் சாய்ஸை ஒரு படி கீழே இறக்கிவிடுங்கள்.