சான் ஜான் – ரொன்செஸ்வாயெஸ்: ஏற்றம் பேர் வாங்கும், இறக்கம் நகத்தை வாங்கும்

ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா நகருக்குப் போகும் கமினோ பிரான்செஸ் பாதயாத்திரையின் முதல் நாள் பிரான்சின் சான் ஜான் பியே த போரில் தொடங்கி, பிரனீஸ் மலையைத் தாண்டி, ஸ்பெயினின் ரொன்செஸ்வாயெஸ் மடத்தில் முடிகிறது. தூரம் சுமார் 25 கி.மீ. முழுப் பாதையிலும் இதுதான் கடினமான நாள் என்பார்கள். சரிதான், ஆனால் காரணத்தைத்தான் மாற்றிச் சொல்கிறார்கள். 170 மீட்டர் உயரத்திலிருந்து 1,430 மீட்டருக்கு ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவே. முழங்காலைப் பதம் பார்ப்பது கடைசி 4 கி.மீ. இறக்கம்.

முதலில் சித்தாதெல் தெருவில் உள்ள யாத்ரீகர் அலுவலகம். முத்திரை குத்துவதற்கான யாத்ரீகர் அட்டையை இங்கேயே வாங்கலாம். அது இல்லாமல் யாத்ரீகர் விடுதிகளில் படுக்கை கிடைக்காது. அன்றைய வானிலையையும் இங்கே கேட்டுக்கொள்ளுங்கள். மேலே போகும் நெப்போலியன் பாதை நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மூடப்பட்டிருக்கும். அந்த மாதங்களில் பள்ளத்தாக்கு வழியாக வல்கார்லோஸ் பாதைதான். அது தாழ்வானது, ஆனால் சில இடங்களில் வாகனச் சாலை ஓரமாகவே நடக்க வேண்டும். மற்ற மாதங்களிலும் அலுவலகத்தில் “இன்று மேலே வேண்டாம்” என்றால் வாதம் பண்ணாதீர்கள். உச்சியில் மூடுபனி இறங்கினால் பத்தடி தள்ளி நிற்கும் அம்புக்குறி கூடத் தெரியாது.

முதல் 8 கி.மீ. பெரும்பாலும் தார்ச்சாலை. ஊரின் ஸ்பெயின் வாசலைத் தாண்டியதுமே செங்குத்து ஆரம்பித்துவிடும். காலைக் குளிரில் வேகமாக ஏறிவிட்டு, 5 கி.மீ.யில் வரும் ஹொன்தோவுக்குள் வேர்வையில் நனைந்து, மேலே காற்றில் நடுங்குவதுதான் வழக்கமான தவறு. பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகமே சரியான வேகம். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும்.

8 கி.மீ.யில் ஓரிசோன் விடுதி. 25 கி.மீ.யை 8, 17 என இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. படுக்கைகள் குறைவு என்பதால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். முழங்கால் தொந்தரவு உள்ளவர்களும் முந்தின நாள்தான் விமானத்தில் வந்து இறங்கியவர்களும் இங்கே தங்குவது புத்திசாலித்தனம். தங்காதவர்களும் தண்ணீர் நிரப்பாமல் தாண்டக் கூடாது. அடுத்து நம்பக்கூடியது எல்லை அருகே உள்ள ரோலான் ஊற்றுதான். அதற்கு இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போதும். சீசனில் வழியில் சிற்றுண்டி வண்டி நிற்பதுண்டு. நின்றால் அதிர்ஷ்டம், ஆனால் அதை நம்பி மதிய ரொட்டியைக் கையில் எடுக்காமல் வராதீர்கள்.

பியாக்கொரி மாதா சிலை, அதன் பிறகு திபோ சிலுவை. அங்கே தார்ச்சாலையை விட்டுப் புல்வெளியில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். தலை குனிந்தபடி நடப்பவர்கள் நேராகப் போய்விடுகிறார்கள். வழிகாட்டும் குறிகள் பிரான்ஸ் பக்கம் சிவப்பு வெள்ளைக் கோடுகள், ஸ்பெயினுக்குள் மஞ்சள் அம்புகள். அவசரத்துக்கு 112.

இனி லெப்போதெர் கணவாய். இரண்டு வழி பிரிகிறது. நேரே போனால் பீச் மரக்காடு வழியாக 480 மீட்டரைக் கிட்டத்தட்ட நாலே கி.மீ.யில் இறக்கிவிடும். ஈர இலைச் சருகும் அதன் அடியில் சேறும் வேரும். ஆறு மணி நேரம் நடந்து தொடை ஓய்ந்த பிறகு அதில் கால் வைப்பது வீண் சூதாட்டம். வலப்பக்கம் இபான்யேத்தா கணவாய் வழி. தூரம் சற்றுக் கூடுதல், அழகும் சற்றுக் குறைவு, ஆனால் சரிவு மிதமானது. மழைக்கு மறுநாள் என்றால் வேறு யோசனையே வேண்டாம், வலப்பக்கம்தான்.

எந்த வழியானாலும் கணவாயிலேயே ஐந்து நிமிடம் உட்காருங்கள். சாக்ஸை மாற்றி, ஷூவின் மேல் இரண்டு துளைகளில் லேஸை வளையமாகக் கோத்து, குதிகால் பின்னால் பதியும்படி இறுக்குங்கள். தளர்வாக இருந்தால் பாதம் முன்னால் வழுக்கி நகம் ஷூவில் இடித்துக்கொண்டே இருக்கும்; கறுத்துப்போகும் நகங்களுக்கு இதுதான் காரணம். ஷூ அரை அளவு பெரிதாக இருக்க வேண்டும், நகமும் இரண்டு நாள் முன்பே வெட்டியிருக்க வேண்டும். ஊன்றுகோலை ஏற்றத்தில் வைத்ததைவிட ஐந்து பத்து செ.மீ. நீட்டிக்கொள்ளுங்கள். பையின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அத்தனையும் முழங்காலில்தான் இறங்கும். அடுத்த விடுதிக்குப் பையைக் கொண்டுசேர்க்கும் சேவைகள் சான் ஜானிலேயே உண்டு. மற்ற நாட்களில் ஆடம்பரம், இந்த ஒரு நாளைக்குக் காசு வீணில்லை. ரெயின் கோட், தண்ணீர், ரொட்டி மட்டும் கூடவே இருக்கட்டும்.

ரொன்செஸ்வாயெஸ் விடுதிக்குத் தாராளமாக நல்ல மதிப்பெண் தரலாம். 183 படுக்கைகள், நிர்வாகத்தில் டச்சுத் தன்னார்வலர்கள். ஷூவுக்குத் தனி அறை இருப்பதால் படுக்கும் இடத்தில் சேறும் இல்லை, நாற்றமும் இல்லை. இரண்டடுக்குக் கட்டில்கள் சிறு தடுப்புகளுக்குள் இருக்கின்றன. பூட்டும் அலமாரியும் உண்டு. குறை என்றால் சாப்பாடுதான். இரவு உணவு பக்கத்து உணவகங்களில், முன்கூட்டிச் சீட்டு வாங்கி, சொன்ன நேரத்தில் உட்கார வேண்டும். சைவம் என்றால் சீட்டு வாங்கும்போதே சொல்லுங்கள். ஸ்பெயினில் கலவை சாலட் என்றாலே மேலே சூரை மீனைப் பரப்பிவிடுவார்கள். “மீனும் வேண்டாம்” என்று தனியாகச் சொன்னால்தான் பிழைத்தீர்கள். மாலைப் பூசையின் முடிவில் யாத்ரீகர்களுக்கு ஆசி உண்டு, அதைப் பார்த்துச் சாப்பாட்டு நேரத்தை வையுங்கள்.

ராத்திரியே குதிகாலைத் தடவிப் பாருங்கள். சூடாக, சிவந்து இருந்தால் கொப்புளம் வரப்போகிறது. அங்கே டேப் ஒட்டுவது இப்போதே. காலையில் காபிக்கு 3 கி.மீ. தள்ளியுள்ள புர்கெத்தே கிராமம் இருக்கிறது. அன்றைய நடை சுபிரி வரை 21 கி.மீ. சொச்சம், உயரம் பெரிதாக இல்லை. ஆனால் எர்ரோ கணவாயிலிருந்து சுபிரிக்கு இறங்கும் கடைசிப் பகுதி முழுக்கச் சாய்ந்த பாறைப் பலகைகள், ஆகவே ஊன்றுகோலைப் பைக்குள் வைத்துவிடாதீர்கள்.