திரையில் ஒரு டைகர்: அசல் டாங்கியா, வேடமிட்ட டி-34-ஆ?

இரண்டாம் உலகப்போரைப் படமாக்க நினைக்கும் எவருக்கும் முதல் தலைவலி ஜெர்மன் டாங்கிதான். அமெரிக்காவின் ஷெர்மன் ஏறத்தாழ 49,000 தயாரானது. அவற்றில் பல இன்றும் ஓடும் நிலையில் இருக்கின்றன, வாடகைக்கும் கிடைக்கும். டைகர் 1 வகையோ மொத்தமே 1,350-ஐ ஒட்டித்தான் உருவானது. போருக்குப் பின் எஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனால் பார்வையாளர் திரையில் எதிர்பார்ப்பது டைகரைத்தான். இதற்குப் படக்குழுக்கள் கண்ட வழிகளை எடைபோட்டுப் பார்ப்போம்.

முதல் வழி அசலையே கொண்டுவருவது. இங்கிலாந்தின் பாவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கும் டைகர் 131, 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிரிட்டிஷ் படையிடம் சிக்கியது. நீண்ட பழுதுபார்ப்புக்குப் பின் ஓடும் நிலையில் இருக்கிறது. 2014-ல் வெளியான 'ஃப்யூரி' படத்துக்காக இதையும், கதாநாயகர்களின் ஷெர்மனையும் அந்த அருங்காட்சியகமே கொடுத்தது. அந்த டைகர் மரங்களுக்குப் பின்னாலிருந்து வெளியே வரும்போது 57 டன் எஃகு அசைவது கண்ணுக்குத் தெரிகிறது. நிற்கும்போது மூக்கு லேசாகத் தாழ்ந்து எழுவதை எந்தப் போலியும் அப்படியே செய்துவிடாது.

ஆனாலும் அசல் என்பதாலேயே அது சரியானது என்று ஆகிவிடாது. கதை நடப்பது 1945 ஏப்ரலில். டைகர் 131 தொடக்ககால வகை: சக்கரங்களில் ரப்பர் விளிம்பு, தளபதி தலை நீட்டும் இடத்தில் உயரமான உருளை. கடைசிக் கட்டத்தில் வந்த டைகர்களில் எஃகு விளிம்புச் சக்கரங்களும் தாழ்ந்த வார்ப்பு மூடியும்தான் இருந்தன. அதே படத்தின் ஷெர்மனும் அசல்தான், ஆனால் டீசல் இஞ்சின் கொண்ட எம்4ஏ2 வகை. ஐரோப்பாவில் அமெரிக்கத் தரைப்படை ஓட்டியது பெரும்பாலும் எம்4ஏ3 போன்ற பெட்ரோலில் ஓடும் வகைகளை. இவற்றை நான் குறையாகச் சொல்லவில்லை, கிடைத்ததில் இதுவே மிகச் சிறந்தது. ஆனால் மாற்றே இல்லாத ஓர் அருங்காட்சியகப் பொருளை வெட்டவோ ஒட்டவோ முடியாது. குண்டு வெடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது.

இரண்டாம் வழி, சோவியத் டி-34-85-க்கு டைகர் வேடம் போடுவது. என் கணக்கில் அலசலின் சுவையான பகுதி இதுதான். போருக்குப் பிறகும் போலந்திலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும் டி-34 தயாரானதால் தட்டுப்பாடு கிடையாது. இரண்டு டாங்கிகளிலும் ஓட்டுநர் இடப்பக்கம், இயந்திரத் துப்பாக்கிக்காரர் வலப்பக்கம். ஆகவே செங்குத்தான முன்பலகையைப் பொருத்தி, அதில் பார்வைத் துளை வெட்டினால் உள்ளே இருப்பவர் தன் இடத்திலிருந்தே ஓட்டலாம். மேலே தகடாலான பெட்டி டரட் (பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேற்கூடு), பீரங்கிக் குழலின் மேல் தடித்த உறை, நுனியில் ஒரு மஸில் பிரேக் (சுடும்போது பின்னுதைப்பைக் குறைக்கும் முனை). டி-34-ன் குழலில் மஸில் பிரேக் கிடையாது, அதை மறந்தால் வேடம் அங்கேயே கலைந்துவிடும்.

யூகோஸ்லாவியாவில் படமான 'கெல்லிஸ் ஹீரோஸ்' (1970), இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் போடப்பட்ட செட்டில் இறுதிப் போர் எடுக்கப்பட்ட 'சேவிங் பிரைவேட் ரயன்' (1998) இரண்டிலும் வந்தவை இந்த வேடமிட்ட டி-34-கள்தான். இரண்டிலும் பயம் நன்றாகவே வேலை செய்கிறது. சந்தேகம் வந்தால் இடுப்புக்குக் கீழே பாருங்கள். டைகரில் ஒரு பக்கத்துக்கு எட்டு அச்சுகள், அவற்றில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய சக்கரங்கள். டி-34-ல் இடைவெளி தெரியும் ஐந்து பெரிய சக்கரங்கள். டைகரின் கியர்பெட்டி முன்னால் இருப்பதால் சங்கிலிப் பட்டையை இழுக்கும் பல்சக்கரம் முன்பக்கம் சுழலும், டரட் உடலின் நடுவில் இருக்கும். டி-34-ல் இஞ்சினும் கியரும் பின்னால் என்பதால் பல்சக்கரமும் பின்னால், டரட் முன்னுக்குத் தள்ளி உட்கார்ந்திருக்கும். தகடு ஒட்டி இதைச் சரிசெய்ய முடியாது. பக்கத் தடுப்புத் தகடு, சேறு, இடிபாடு, கேமரா கோணம் இவற்றால் மறைக்கத்தான் முடியும். ஹாட்ஃபீல்டு செட்டின் இடிந்த தெருக்கள் இந்த வகையில் பெரிய உதவி.

மூன்றாம் வழி, போருக்குப் பின் வந்த டாங்கியில் சிலுவைக் குறி வரைந்து விட்டுவிடுவது. ஸ்பெயினில் எடுத்த 'பேட்டில் ஆஃப் த பல்ஜ்' (1965) படத்தில் அமெரிக்க எம்47 டாங்கிகள் ஜெர்மனியின் கிங் டைகராக (டைகர் 1-க்குப் பின் வந்த கனரக டாங்கி) வந்தன, இலகுரக எம்24 ஷெர்மனாக வந்தது. கிங் டைகரின் டரட் தட்டையான பக்கங்கள் கொண்டது, எம்47-ன் டரட் உருண்டையான வார்ப்பு. தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும். இந்த வழிக்கு ஒரே ஒரு பலம், எண்ணிக்கை. ஒரு நாட்டின் ராணுவமே கைகொடுத்தால் சமவெளி நிறைய டாங்கிகளை ஓடவிடலாம். 'எ பிரிட்ஜ் டூ ஃபார்' (1977) இதில் கொஞ்சம் மெனக்கெட்டது. போருக்குப் பின் வந்த லெப்பர்ட் டாங்கிக்குத் தகடு பொருத்தி, போர்க்கால ஜெர்மன் டாங்கியான பாந்தராக்கினார்கள். நீண்ட அணிவகுப்பை நிரப்ப லேண்ட் ரோவரின் மேல் ஷெர்மன் கூடுகளைக் கவிழ்த்தார்கள். பின்வரிசைக்கு அது நல்ல யோசனை.

கணினி வரைகலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொலைவில் வரும் கூட்டத்துக்குச் சரி. பக்கத்தில் வரும்போது மண் புதைவதும் புழுதி எழுவதும் எடையோடு ஒட்டாமல் நிற்கின்றன.

என்னைக் கேட்டால், அசல் டைகரை இரண்டு மூன்று காட்சிகளுக்கு மட்டும் மரியாதையோடு அழைத்து, சண்டையை டி-34-களிடம் விடுவேன். வேடத்துக்கான பணத்தில் பாதியையாவது சக்கரப் பகுதிக்கு ஒதுக்குவேன். டரட்டுக்கு மேல் செலவழித்த உழைப்பு, கீழே ஐந்து சக்கரங்கள் தெரிந்த நொடியில் வீணாகிவிடுகிறது.

டாங்கி அல்லாத வண்டிகளில் கணக்கு வேறு. போர்க்கால ஜீப்பை வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்தன. அசலே கிடைக்கும், இல்லாவிட்டால் பிரான்சின் ஹாட்ச்கிஸ் எம்201 அச்சு அசலாக நிற்கும். உயரமான பானட் கொண்ட பழைய மஹிந்திரா ஜீப் மட்டும் வேண்டாம். போர்க்கால ஜீப்பின் முன் கிரில்லில் 9 இடைவெளிகள், இதில் 7. ஜெர்மன் பக்கவண்டி பைக்குக்கு சோவியத் எம்-72 தாராளமாகப் போதும், அது பிஎம்டபிள்யூ ஆர்71-ஐப் பார்த்துச் செய்ததுதான்.

முன்னால் டயரும் பின்னால் சங்கிலிப் பட்டையும் கொண்ட ஜெர்மன் 251 கவச வண்டிக்குப் போட்டியே இல்லை. செக்கோஸ்லோவாக்கியா அதே வடிவத்தில் போருக்குப் பின் செய்த ஓடி-810 இருக்கிறது. மேல்மூடியை எடுத்துவிட்டால் மேல்பாதியும் சரியாகிவிடும். கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறிய சக்கரங்கள் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன.

அப்புறம் பூச்சு. 1943 பிப்ரவரியிலிருந்து ஜெர்மன் கவச வண்டிகளின் அடிநிறம் அடர்மஞ்சள். 1944-ல் நேச நாடுகள் தரையிறங்கிய நார்மண்டியைக் காட்டும் படத்தில் வண்டிகளைச் சாம்பல் நிறத்தில் அடிக்காதீர்கள். அருங்காட்சியக வண்டி என்றால் கழுவினால் போய்விடும் பூச்சுதான், அதையும் அவர்கள் ஆளை வைத்தே பூச வேண்டும்.