கடைசி ஆட்டம் வேறு சட்டையில்: ரூத்தா, ஆரனா?

அமெரிக்க பேஸ்பாலில் பேப் ரூத் என்றால் யாங்கீஸ் அணி, ஹாங்க் ஆரன் என்றால் பிரேவ்ஸ் அணி. ஆனால் இருவருமே கடைசியில் வேறு அணிச் சட்டையில்தான் ஓய்வுபெற்றார்கள். அதுவும் ஆடத் தொடங்கிய ஊருக்கே திரும்பி வந்து. யாருடைய விடைபெறல் நன்றாக அமைந்தது?

1935இல் ரூத்தை பாஸ்டன் பிரேவ்ஸ் இழுத்தது, துணைத் தலைவர், உதவி மேலாளர் என்று பதவிகளைக் காட்டி. அவருக்கோ மேலாளர் நாற்காலி மீது ஆசை. உண்மையில் அணிக்கு வேண்டியிருந்தது டிக்கெட் விற்பனை. 40 வயது, கனத்த உடம்பு, ஓட முடியாத கால்கள். 28 ஆட்டங்களில் பேட்டிங் சராசரி வெறும் .181, அதாவது பத்து முயற்சியில் இரண்டு வெற்றி அடிகூட இல்லை. நடுவே மே 25 அன்று பிட்ஸ்பர்க்கில் ஒரே ஆட்டத்தில் 3 ஹோம் ரன் (ஒரே அடியில் எல்லா பேஸ்களையும் சுற்றி ரன் எடுப்பது)! அன்றே விடைபெற்றிருக்கலாம். ஒரு வாரம் இழுத்து, சண்டையோடு வெளியேறினார்.

ஆரன் 1975இல் மில்வாக்கி புரூவர்ஸுக்கு வந்தார். அந்த ஊர் அவரை மறக்கவே இல்லை. பீல்டிங் செய்யாமல் பேட்டிங் மட்டும் ஆட அந்த அணி ஆடிய அமெரிக்கன் லீக்கின் விதி 1973 முதல் இடம் கொடுத்ததால் வயதான கால்களுக்கும் நிம்மதி. சராசரி .230 பக்கம்தான், சரி. ஆனாலும் 2 சீசனில் 22 ஹோம் ரன் சேர்த்து, வாழ்நாள் கணக்கை 755இல் நிறுத்தினார்.

வேடிக்கை என்னவென்றால், ரூத்தைக் கடைசியாக வைத்திருந்த பிரேவ்ஸ்தான் பிறகு மில்வாக்கிக்கு இடம்பெயர்ந்து ஆரனை அறிமுகப்படுத்தியது.

என் ஓட்டு ஆரனுக்கே. அவருக்கு யாரும் பொய்ப் பதவி காட்டவில்லை.