லான்சர் எவோவா, இம்ப்ரெஸா எஸ்ரிஐயா?

மட்டக்களப்பில் கார்ப் பைத்தியம் பிடித்த பெடியங்கள் கூடினால், மிற்சுபிசியின் எவோவா சுபாருவின் எஸ்ரிஐயா சிறந்த கார் என்ற இந்த வாக்குவாதம் ஓயாது. நான் எவோ பக்கம்.

ஜப்பான் சந்தைக்கு வந்த இரண்டும் 2 லீற்றர் ரேர்போ, நாலு சில்லுக்கும் இழுவை. இரண்டுக்கும் பல வருடம் 280 குதிரைவலு என்றே அறிவித்தார்கள். அங்குள்ள கம்பனிகளுக்குள் அப்படியோர் உடன்பாடு. ஆகவே கல்முனை வீதியின் நேர்ப்பாதையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. செங்கலடியால் பதுளை வீதியைப் பிடித்து, பிபிலை தாண்டி லுணுகலை வளைவுகளில் ஏறும்போதுதான் தெரியும். எவோவின் ஜிஎஸ்ஆர் வகையில், பின் சில்லுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிஃபரென்ஷலில் உள்ள ஏவைசி என்ற அமைப்பு, வளைவின் வெளிப்பக்கச் சில்லுக்குக் கூடுதல் விசையைத் தள்ளும். அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்கக் கார் உள்ளே திரும்பும். அந்தச் சுகமே தனி.

சுபாருவின் பொக்ஸர் எஞ்சினில் பிஸ்டன்கள் படுக்கையாக ஓடுவதால் காரின் பாரம் தரைக்குக் கிட்டவாக இருக்கும். அந்தக் குமுறல் சத்தமும் அழகுதான். ஆனால் ஸ்பார்க் பிளக் கழற்றப் பக்கவாட்டு இடுக்கில் கைவிட வேண்டும். எவோவின் 4ஜி63 எஞ்சினில் மேலிருந்தே கழற்றிவிடலாம்.

உலக ரலி கார்ப் போட்டியில் 1995 முதல் 1997 வரை தயாரிப்பாளர் பட்டம் சுபாருவுக்கு. 1996 முதல் 1999 வரை ஓட்டுநர் பட்டம் மிற்சுபிசியின் ரொமி மக்கினனுக்கு.

பழைய எவோ வாங்குபவர்கள் முதலில் ஏவைசி பம்பைப் பாருங்கள். நம் கரையோர உப்புக்காற்றில் துருப்பிடித்திருந்தால் செலவு கடுமை.