சண்டிகர் ராக் கார்டன்: ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு ஓடாதீர்கள்

சிம்லா, மணாலி டூர் போகும் நம்ம ஊர்க்காரர்கள் பெரும்பாலும் சண்டிகர் ராக் கார்டனுக்கு ஒரு மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள், அதிலும் பாதி நேரம் செல்ஃபிக்கே போய்விடுகிறது. தூக்கிப்போட்ட, உடைந்த பொருட்களால் செய்த சிற்பங்கள் நிறைந்த இந்தத் தோட்டத்துக்கு அரை நாளாவது வேண்டும்.

இதைச் செய்தவர் நேக் சந்த். 1924ல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஒரு கிராமத்தில் பிறந்து, பிரிவினையில் ஊரை இழந்து வந்தவர். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே திட்டமிட்ட இந்தப் புது நகரத்தில் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர் வேலை. சிற்பம் யாரிடமும் படித்ததில்லை. நகரம் எழுப்ப இடித்த கிராமங்களில் மிஞ்சிக் கிடந்ததையெல்லாம் சைக்கிளில் ஏற்றிவந்து, சுக்னா ஏரிப் பக்கம் காட்டுக்குள் 1957 வாக்கில் தொடங்கி, வருஷக்கணக்காக ரகசியமாகவே கட்டியிருக்கிறார். அரசு நிலம் என்பதால் விஷயம் வெளியே வந்ததும் இடித்தே போட்டிருப்பார்கள். மக்கள் அவர் பக்கம் நின்றதால் 1976ல் திறந்துவிட்டு, அவருக்கே சம்பளமும் வேலையாட்களும் கொடுத்தார்கள். 1984ல் பத்மஸ்ரீ.

நுழைவாயில்கள் குள்ளம், குனிந்துதான் போக வேண்டும். சுவரில் பழைய பிளக் பாயிண்ட்டும் பீங்கான் துண்டுகளும் பதிந்திருக்கும். சிலைகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: சைக்கிள் சீட் மிருகத்தின் தலையாகியிருக்கும், சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் கம்பி அதன் காலாகியிருக்கும். பெண் உருவங்களின் உடம்பு முழுக்க உடைந்த கண்ணாடி வளையல், சிவப்பும் பச்சையுமாக, புடவைக் கொசுவம் போல வரிவரியாக சிமென்ட்டில் செருகியது. முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. வரிசை வரிசையாக நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், எனக்கு அது ஊரைவிட்டு ஒன்றாகக் கிளம்பி வந்த சனமாகத்தான் தெரிந்தது. தன் ஊரைப் பறிகொடுத்த மனுஷன், இன்னொருவர் ஊர் இடிந்த குப்பையிலிருந்து ஓர் ஊரையே உண்டாக்கியிருக்கிறார் என்று நினைத்தபோது அங்கிருந்து நகர மனசே வரவில்லை.

மூன்றாவது பகுதியில் பெரிய வளைவுகளும் ஊஞ்சல்களும் இருக்கின்றன, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நேரம் குறைவு என்றால் அதைச் சுருக்கிக்கொண்டு முதல் இரண்டு பகுதிகளில் நில்லுங்கள்.

2025ல் சாலையை அகலமாக்கவும் உயர்நீதிமன்றத்துக்குப் பார்க்கிங் அமைக்கவும் இதன் சுவரில் ஒரு பகுதியை இடித்தார்கள். ஊர்க்காரர்கள் திரண்டு எதிர்த்தும் இடித்தார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. போக நினைப்பவர்கள் தள்ளிப்போடாமல் போய்விடுங்கள், அப்புறம் வார நாளில் காலையிலேயே போங்கள், படியும் கரடுமுரடான பாதையும் நிறைய என்பதால் பெரியவர்களைக் கைப்பிடித்துக் கூட்டிப் போங்கள்.