சூடில்லாத உடலுக்கு ஒரு போர்வை: பயிற்சிப் பொம்மையும் வெப்பக் காப்பும், நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

அவசர சிகிச்சைப் பயிற்சி அளிக்கும் பணியில் நான் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கையாண்டுவரும் பொருள்கள் இரண்டு. ஒன்று, உயிர்மீட்பு முறைகளைக் கற்பிக்கும் பயிற்சிப் பொம்மை. மற்றொன்று, நோயாளியின் உடற்சூட்டைக் காக்கும், அலுமினியம் பூசிய மெல்லிய மீட்புப் போர்வை. இவற்றைத் தனித்தனியாக மதிப்பிட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே பயிற்சியில் சேரும்போது என்ன நேர்கிறது என்பதே இத்தனை காலத்தில் என் கவனத்தை அதிகம் ஈர்த்தது. இன்றைய உயர்தரப் பொம்மைக்கு மூச்சு உண்டு, நாடி உண்டு, சில மாதிரிகளில் வெளிச்சம் பட்டால் கண்மணி சுருங்குவதும் உண்டு. உடற்சூடு மட்டும் இல்லை. கற்பவர்களின் கைப்பழக்கத்தில் இந்த ஒரு குறை பெரிய இடைவெளியை உண்டாக்குகிறது என்பதே என் மதிப்பீடு.

முதலில் பொம்மையைப் பற்றி. நார்வேயின் ஸ்டவாங்கர் நகரில் விளையாட்டுப் பொம்மைகள் செய்துவந்த ஆஸ்முண்ட் லேர்டால், மென்பிளாஸ்டிக்கில் தமக்கிருந்த தேர்ச்சியைக் கொண்டு, மயக்கவியல் மருத்துவர்களான பீட்டர் சஃபார், பியோர்ன் லிண்ட் ஆகியோரின் ஊக்கத்துடன் 1960-இல் 'ரெசஸி ஆன்' பொம்மையை வெளிக்கொண்டுவந்தார். வாயோடு வாய் வைத்து மூச்சளிக்கும் முறையைக் கற்பிப்பதே அதன் முதல் நோக்கம். அதே ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்களான கோவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும், மார்பை வெளியிலிருந்து அழுத்தியே ரத்த ஓட்டத்தை நிலைநிறுத்த முடியும் என்று எழுதினார்கள். அதைத் தொடர்ந்து பொம்மையின் மார்புக்குள் சுருள்வில் இடம்பெற்றது. இன்று எந்தப் பயிற்சிக்கூடத்திலும் காணும் பொம்மையின் அடிப்படை அமைப்பு பெரும்பாலும் அன்று உருவானதுதான்.

அந்தச் சுருள்வில்தான் நெடுநாள் பயன்பாட்டில் முதலில் சோதனைக்கு உள்ளாகும் பாகம். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மார்பை அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் மார்பு முழுமையாக மேலெழ விட வேண்டும். வில் தளர்ந்த பொம்மையில் பழகியவர் குறைந்த விசையிலேயே ஆழம் எட்டிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். அதைவிடக் கவலைக்குரியது, அவருடைய கை மார்பின் மேல் சாய்ந்தபடியே தங்கிவிடுவது. வில் மெல்ல மெல்ல எழுவதால், தாமும் மெல்ல எழுவதே சரி என்று உடல் கற்றுக்கொள்கிறது. பழைய மாதிரிகளில் உரிய ஆழத்தை எட்டியதும் 'கிளிக்' என்று ஒலிக்கும் அமைப்பு உண்டு. தொடக்கத்தில் அது பேருதவி. ஆனால் அந்த ஒலியையே இலக்காகக் கொள்பவர்கள், ஒலி எழாத பொம்மையின் முன் தயங்கிவிடுகிறார்கள். ஆகவே முதல் பாதிப் பயிற்சியை ஒலியோடும் மறுபாதியை ஒலி இல்லாமலும் நடத்துகிறேன். ஆழத்தையும் வேகத்தையும் விளக்குகளாலோ கைபேசிச் செயலியாலோ காட்டும் புதிய மாதிரிகளுக்கும் இதே முறை பொருந்தும்.

பராமரிப்பில் சில செய்திகளைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். வினைல் தோலின் மேல் அச்சிட்ட தாளை வைத்தாலும் பேனா மை பட்டாலும் கறை தோலுக்குள் ஊறிவிடும். துடைத்து எடுக்க முடியாது. வெயிலிலும் புழுக்கத்திலும் கிடக்கும் தோல் நாளடைவில் பிசுபிசுப்பாகும். நுரையீரல் பைகளை வகுப்புக்கு வகுப்பு மாற்றுவதும், முகத்தோலை ஒவ்வொருவருக்கும் இடையில் 70 விழுக்காடு ஆல்கஹாலால் துடைப்பதும் தவிர்க்கக் கூடாத வேலைகள். ஊசி ஏற்றிப் பழகும் பொம்மைக் கையில் ரத்தத்துக்குப் பதிலாக நிரப்பும் சிவப்பு நீரை அப்படியே விட்டுவைத்தால் குழாய்க்குள் பூஞ்சை படரும். பயிற்சி முடிந்ததும் நீரை வடித்து, காற்றைச் செலுத்தி உலர்த்த வேண்டும். விலை உயர்ந்த பொம்மையை வாங்கிவிட்டு மாற்றுப் பாகங்களுக்குப் பணம் ஒதுக்காத நிறுவனத்தைவிட, எளிய பொம்மைகள் சிலவற்றை நல்ல நிலையில் வைத்திருக்கும் நிறுவனமே சிறந்த பயிற்சி தருகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனி போர்வை. 1964-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் மார்ஷல் மையத்தில் இந்தத் தொழில்நுட்பம் உருவானது. வெற்றிடத்தில் ஆவியாக்கப்பட்ட அலுமினியம், மிக மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டின் மேல் படலமாகப் படிகிறது. ஏட்டின் தடிமன் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே. ஆயினும் உடலிலிருந்து வெளியேறும் வெப்பக் கதிர்வீச்சில் மிகப் பெரும் பங்கை அது திருப்பி அனுப்புகிறது. 1973-இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் ஏவப்பட்டபோது அதன் காப்புக் கவசம் பிய்ந்து உள்ளே வெப்பம் ஏறியது. அப்போது அதைக் காத்த நிழற்குடையும் இந்த வகை உலோகம் பூசிய ஏட்டினால் செய்யப்பட்டதே.

இந்தப் போர்வையின் பெருமையைக் கேட்டுவிட்டு, அதைப் போர்த்தினாலே நோயாளி சூடாகிவிடுவார் என்று நம்புபவர்களை ஒவ்வொரு வகுப்பிலும் சந்திக்கிறேன். போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடல் உண்டாக்கும் வெப்பம் வெளியேறுவதைக் குறைக்கிறது, அவ்வளவே. நடுக்கமும் நின்றுபோன அளவுக்குக் குளிர்ந்துவிட்ட உடலுக்கு வெளியிலிருந்து வெப்பம் தந்தாக வேண்டும். மேலும் உடற்சூடு கதிர்வீச்சு, கடத்தல், காற்றோட்டம், ஆவியாதல் என நான்கு வழிகளில் வெளியேறுகிறது. மெல்லிய ஏடு கதிர்வீச்சைத் திருப்பும். காற்றையும் ஆவியாதலையும் தடுக்கும். தரையின் வழியே கடத்தப்படும் வெப்பத்தை அதனால் தடுக்க இயலாது. ஈர உடையை அகற்றாமலும், முதுகுக்குக் கீழே தடிமனான விரிப்பு இடாமலும், மேலே மட்டும் வெள்ளி ஏட்டைப் போர்த்துவது பாதி வேலைதான். உடலுக்கும் ஏட்டுக்கும் இடையில் ஒரு துணிப்போர்வை இருந்தால் காற்றுப் படலம் தங்கும்; காப்பு வெகுவாகக் கூடும். பொன்னிறப் பக்கமா, வெள்ளிப் பக்கமா உள்ளே இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு வகுப்பில் செலவாகும் நேரத்தை, ஓரங்களை உடலுக்கு அடியில் செருகப் பழகுவதில் செலவிடுவது நல்லது. பக்க வேறுபாட்டால் விளையும் பயன் சிறிது. திறந்த ஓரத்தின் வழியே நுழையும் காற்றால் விளையும் இழப்பு பெரிது.

பயன்பாட்டில் கண்ட குறைகளும் உண்டு. மடிப்புக் கோடுகளில் உலோகப் படலம் தேய்கிறது. ஒரு சிறு கீறல் விழுந்தால் அதிலிருந்து முழு ஏடும் கிழிந்துபோகிறது. காற்றில் எழும் சரசரப்பு, ஸ்டெதஸ்கோப்பில் மூச்சொலி கேட்பதற்குக்கூட இடையூறாகிறது. உள்பக்கம் வியர்வை நீராகப் படிவதால், நேரம் செல்லச் செல்ல உடை நனைந்துவிடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். தீயின் அருகில் ஏடு சுருங்கி உருகும். இதய மின்னதிர்வு கொடுக்கும்போது மின்முனைகளுக்கு அருகில் உலோகப் படலம் இருக்கக் கூடாது. ஆகவே மார்பை மட்டும் விரைவில் திறந்து மீண்டும் மூடும்படி போர்த்தக் கற்பிக்கிறேன்.

இந்த இரண்டு பொருள்களும் சேருமிடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. காயமடைந்தவரை மதிப்பிடும் 'ஏ, பி, சி, டி, ஈ' (மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நரம்பு நிலை, உடலைத் திறந்து பார்த்தல்) வரிசையில் கடைசிப் படிக்கு இரண்டு பாதிகள் உண்டு: காயங்களைக் காண உடையை அகற்றுவது ஒரு பாதி, கண்டபின் உடலை மூடிக் குளிராமல் காப்பது மறுபாதி. பயிற்சி வகுப்புகளில் முதல் பாதி தவறாமல் நடக்கிறது, மறுபாதி பெரும்பாலும் வாய்ச்சொல்லோடு நின்றுவிடுகிறது. 'இப்போது போர்த்துகிறேன்' என்று கற்பவர் சொல்கிறார். கை போர்வையை நோக்கிப் போவதில்லை. பொம்மை நடுங்குவதில்லை, தோல் சில்லிடுவதில்லை, எவ்வளவு நேரம் திறந்து கிடந்தாலும் அதன் நிலை மோசமாவதில்லை. செய்யாததற்கு விளைவு ஏதுமில்லாத இடத்தில் எந்தச் செயலும் பழக்கமாவதில்லை.

உண்மையான நோயாளியிடம் விளைவு உண்டு. உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவதையே உடற்சூட்டுத் தாழ்வு என்கிறோம். சூடு குறையக் குறைய ரத்தத்தை உறையச் செய்யும் நொதிகள் மந்தமாகின்றன. ரத்தத் தட்டணுக்களும் சரியாக வேலை செய்வதில்லை. ரத்தக் கசிவு நிற்காததால் ரத்த ஓட்டம் குறைகிறது, அமிலத்தன்மை ஏறுகிறது, அதனால் உறைதல் மேலும் கெடுகிறது. தாழ்வெப்பம், அமிலமிகை, உறைதல் கோளாறு ஆகிய மூன்றையும் உயிர்கொல்லி முக்கூட்டு என்று காய சிகிச்சையாளர்கள் அழைப்பது இதனால்தான். வெயில் காலத்திலும் ரத்தம் இழந்தவர் குளிர்ந்துபோவார்.

தீக்காயப் பயிற்சியில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. காயத்தின் மேல் 20 நிமிடங்கள் குளிர்ந்த ஓடும் நீரை விட வேண்டும். அதே நேரத்தில் காயம் படாத பகுதிகளை மூடிச் சூடாக வைக்க வேண்டும். பாவனைப் பயிற்சியில் இந்த 20 நிமிடங்களை யாரும் முழுமையாகக் கழிப்பதில்லை. 'நேரம் முடிந்தது' என்று பயிற்றுநர் அறிவித்ததும் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த நீண்ட காத்திருப்பில்தான் குழந்தை போன்ற சிறிய உடல் குளிர்ந்துபோகும் ஆபத்து இருக்கிறது. அந்தக் காத்திருப்பையே பயிற்சி அழித்துவிடுகிறது. ஆகவே ஒரு வகுப்பிலாவது முழு நேரத்தையும் கழிக்க வைக்கிறேன். பத்தாவது நிமிடத்துக்குள் யாரேனும் ஒருவர் தாமாகவே போர்வையைத் தேடத் தொடங்குகிறார். அதற்காகவே அந்த நேரத்தைச் செலவிடலாம்.

மனித உருவில் செய்யப்படும் சோதனைப் பொம்மைகளில் வேறொரு குடும்பமும் இருப்பது இங்கே நினைக்கத் தக்கது. 1940-களில் அமெரிக்கப் படையினரின் உடைகளைச் சோதிப்பதற்காகத் தாமிரத்தால் வெப்பப் பொம்மைகள் செய்யப்பட்டன. உடல் பரப்பை மின்சாரத்தால் சூடாக்கி, அந்தச் சூட்டை நிலையாக வைத்திருக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று அளந்து, உடையின் காப்புத் திறனைக் கணக்கிட்டார்கள். 1941-இல் ஆய்வாளர்கள் கேஜ், பர்ட்டன், பாசெட் ஆகியோர் முன்மொழிந்த 'க்ளோ' என்ற அளவை இன்றும் உடைகளின் காப்பைக் குறிக்கிறது. தீயணைப்பாளர், தொழிற்சாலைப் பணியாளர் ஆகியோரின் உடைகளைச் சோதிக்கும் பொம்மைகள், நூற்றுக்கும் மேற்பட்ட உணரிகளோடு சதுர மீட்டருக்குச் சுமார் 84 கிலோவாட் வெப்பம் வீசும் தீச்சுவாலையில் நிறுத்தப்படுகின்றன. எந்தப் பகுதியில் எவ்வளவு ஆழமான தீக்காயம் ஏற்பட்டிருக்கும் என்று அவை கணிக்கின்றன. ஆக, ஒரு குடும்பத்துக்குச் சூடு இருக்கிறது, நோய் இல்லை. மற்றதற்கு நோய் இருக்கிறது, சூடு இல்லை. இரண்டும் ஒன்றுசேர்ந்த, எளிய பயிற்சிக்கூடங்கள் வாங்கக்கூடிய பொம்மையை நான் இதுவரை பயன்படுத்தியதில்லை.

அதுவரை கைவசம் இருப்பதைக் கொண்டு செய்யக்கூடியவை சில உண்டு. மின்னணு உறுப்புகள் இல்லாத எளிய பொம்மையின் உடற்கூட்டுக்குள், துணியில் சுற்றிய வெதுவெதுப்பான ஜெல் பைகளை வைக்கலாம். சோடியம் அசிடேட் பைகள் படிகமாகும்போது 50 டிகிரிக்கு மேல் சூடேறுவதால், அவற்றை நேரடியாக வினைல் தோலில் படும்படி வைக்கக் கூடாது. தோலுக்கு அடியில் ஒரு சிறு வெப்பமானியை ஒட்டி, அதன் எண்ணைக் கற்பவர் காணும்படி வைத்தால், திறந்து கிடக்கும்போது எண் இறங்குவதையும் மூடியபின் அந்த இறக்கம் மந்தமாவதையும் அவரே காண்கிறார். உடலியலின்படி இது துல்லியமான பாவனை அன்று. ஆனால் செயலுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பை இது கண்முன் நிறுத்துகிறது.

வெப்பப் படக்கருவி கிடைத்தால் தன்னார்வலர் ஒருவரைப் போர்த்திக் காட்டுவது மிகப் பயனுள்ள பாடம். ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை தேவை. அலுமினியப் பரப்பு வெப்பக் கதிர்களை மிகக் குறைவாகவே உமிழும். சுற்றுப்புறத்தின் கதிர்களைத் திருப்பிக் காட்டும். ஆகவே போர்வை மூடிய உடல் படத்தில் குளிர்ந்ததுபோல் இருண்டு தெரியும். படத்தில் ஒளிரும் இடங்களே உண்மையில் வெப்பம் தப்பிச் செல்லும் கழுத்தோரமும் கணுக்காலும். இதே காரணத்தால், தொடாமல் அளக்கும் நெற்றி வெப்பமானியைப் போர்வையின் மேல் நீட்டினால் வரும் எண்ணுக்குப் பொருளில்லை. இதை விளக்காமல் கருவியை மட்டும் காட்டினால் கற்பவர் நேர்மாறான முடிவுக்கு வந்துவிடுவார்.

நார்வேயில் 1999-இல் பனிச்சறுக்கின்போது உறைந்த ஓடைப் பனிக்கட்டிக்கு அடியில் சிக்கிய மருத்துவர் அன்னா போகன்ஹோல்ம், உள்வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கிய நிலையிலிருந்து உயிர்பிழைத்தார். இடைவிடாத மார்பு அழுத்தமும், மருத்துவமனையில் ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்துச் சூடாக்கிச் செலுத்தியதும் அவரை மீட்டன. குளிர்ந்த உடலை, சூடேற்றிப் பார்க்காமல் இறந்ததாகக் கொள்ளக் கூடாது என்ற விதியைக் கற்பிக்கும்போது இந்த நிகழ்வைத் தவறாமல் சொல்கிறேன். அந்த நேரத்தில் வகுப்பின் கவனம் பொம்மையின் மார்பிலிருந்து அதன் தோலுக்குத் திரும்புகிறது.

மதிப்பீட்டுத் தாளில் நான் சேர்த்த ஒரு வரி, மேற்கூறிய எந்த ஏற்பாட்டையும்விட அதிகப் பலன் தந்தது: 'உடையை அகற்றிய நேரம், மீண்டும் மூடிய நேரம்'. இரண்டையும் கடிகாரம் பார்த்து ஒருவர் குறிக்க வேண்டும். சொல்லளவில் போர்த்தினால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். தயாரிப்பாளர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் பெரிதன்று. மார்புக்கூட்டில் மெதுவாகச் சூடேறும் ஒரு தகடும், மூடாமல் விட்டால் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் அதற்கேற்ப மாற்றும் ஒரு சிறு நிரலும் போதும். கண்மணி சுருங்கும் அமைப்புக்குச் செலவிடும் தொகையை முதலில் இதற்கு ஒதுக்கினால், அடுத்த பொம்மையை வாங்க நான் தயங்க மாட்டேன்.